வலையும் திரையும்: விழித்திரை விலகல் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

கண்ணின் பின்புற உட்சுவரில் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய நரம்புத் தாளுக்குத் தமிழில் விழித்திரை என்று பெயர். ஒளி விழுந்து உருவம் தோன்றும் இடம் என்ற பொருளை அப்பெயரே உணர்த்திவிடுகிறது. ஆனால் இதே உறுப்பை அரபு மருத்துவர்கள் 'ஷபகிய்யா' என்றனர். வலை என்று பொருள்படும் 'ஷபகா'விலிருந்து பிறந்த சொல் அது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'ரெட்டினா'வும் வலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்ததே. ஓர் உறுப்பை வலையாகக் கண்ட காலத்திற்கும் திரையாகக் கண்ட காலத்திற்கும் இடையே நெடியதோர் அறிவு வரலாறு உள்ளது.

அவ்வரலாற்றின் கடைசிப் பகுதியிலேதான், இத்தாள் சுவரைவிட்டுப் பிரிந்து பார்வையைப் பறிக்கும் நோய் ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தது. விழித்திரை விலகல் எனப்படும் இந்நோயில் வலி இல்லை; கண் சிவப்பதில்லை; நீர் வடிவதுமில்லை. வலி இல்லாத காரணத்தாலேயே பலர் நாட்களைக் கடத்திவிடுகின்றனர். கடந்துபோகும் அந்தச் சில நாட்களே பார்வை மீளுமா, மீளாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே இந்நோயின் வரலாற்றை அறிவது வெறும் பழம்பெருமை பேசுவதற்கன்று. இன்று ஒரு கண்ணைக் காப்பதற்கும் அது உதவும்.

வலை என்ற பெயர்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹிரோஃபிலஸ் இவ்வுறுப்பை மீன்வலைக்கு ஒப்பிட்டதாகக் கிரேக்க மருத்துவ மரபு கூறுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கேலன் (அரபியில் ஜாலீனூஸ்) அப்பெயரை நிலைபெறச் செய்தார். மூளையின் ஒரு பகுதியே நரம்பு வழியாக வந்து கண்ணுக்குள் வலைபோல் விரிகிறது என்பது அவருடைய கருத்து. விழித்திரை மூளையின் வளர்ச்சியே என்று இன்றைய கருவியல் கூறுவதை நோக்க, அவருடைய ஊகம் வியப்புக்குரியது.

இந்த அறிவு பக்தாதுக்கு வந்தது ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) என்ற கிறித்தவ அறிஞரின் கைகளால். அப்பாசிய கலீஃபாக்களின் ஆதரவில் கேலனின் நூல்களை அரபியிலும் சுர்யானியிலும் பெயர்த்த அவர், கண் பற்றிய பத்துக் கட்டுரைகள் என்ற நூலையும் எழுதினார். கெய்ரோவில் கண் மருத்துவராகப் பணியாற்றிய மாக்ஸ் மேயர்ஹோஃப் அந்நூலை 1928இல் பதிப்பித்து ஆங்கிலத்திலும் பெயர்த்தார். அதன் சுவடிகளில் காணப்படும் கண்ணின் வரைபடங்கள் கண் மருத்துவ வரலாற்றின் அரிய செல்வங்கள். பின்னர் அரபு மருத்துவ நூல்கள் ஸ்பெயினின் தொலைத்தோவில் லத்தீனாக்கப்பட்டபோது 'ஷபகிய்யா' 'ரெட்டினா' ஆயிற்று. இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலைப் பெயர்த்த கிரெமோனா நகரத்து ஜெரார்டுக்கு (1114-1187) இச்சொல்லை உரியதாக்குவது வழக்கம். இன்று உலகெங்கும் கண் மருத்துவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் சொல், ஓர் அரபுச் சொல்லின் மொழிபெயர்ப்பு.

முன்னோர் கண்டதும் காணாததும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 'எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர்' என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அவர்களைப் பெருமைப்படுத்துவதாகத் தோன்றினாலும், அவர்கள் உண்மையில் செய்த பணியை மறைத்துவிடுகிறது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (ஏறத்தாழ 965-1040) தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று சோதனைகளாலும் கணிதத்தாலும் நிறுவினார். அது மனித அறிவின் பெருந்திருப்பம். ஆயினும் அவ்வொளியை உணரும் உறுப்பு எது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை விழித்திரை அன்று. கேலனைப் பின்பற்றி, பளிங்குபோன்ற வில்லையே உணர்கிறது என்றுதான் அவரும் கருதினார். இப்னு ருஷ்து (1126-1198) தமது 'குல்லிய்யாத்' நூலில் அப்பணியை விழித்திரைக்கு அளித்தார் என்று சிலர் வாதிடுவர். அவ்வாறு கொள்ளப் போதிய சான்று இல்லை என்று வேறு சிலர் மறுப்பர்.

உருவம் விழித்திரையில்தான், அதுவும் தலைகீழாக விழுகிறது என்பதைக் கணித முறையில் விளக்கியவர் ஜெர்மானியரான கெப்ளர், ஆண்டு 1604. ஆனால் அவர் கையில் இருந்த ஒளியியல் எது? இப்னுல் ஹைதமின் நூல் 1572இல் பாசல் நகரில் லத்தீனில் அச்சேறியிருந்தது. அதே தொகுதியில் இருந்தது, அவரை அடியொற்றி எழுதிய விட்டெலோவின் நூல். கெப்ளர் தமது நூலுக்கு வைத்த பெயரே 'விட்டெலோவுக்குத் துணைச்சேர்க்கை' என்று பொருள்படும். வலை திரையாக மாறிய இடம் அதுவே. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கினார் என்பதே நேர்மையான வரலாறு. முன்னவருக்கும் பின்னவருக்கும் அதில் ஒருசேரப் பெருமை உண்டு.

மருத்துவத்திலும் இதுவே நிலை. பக்தாதின் அலீ இப்னு ஈசா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்களின் பாடநூலாக விளங்கியது. அவர் காலத்தவரான மவ்ஸிலைச் சேர்ந்த அம்மார் இப்னு அலீ, உட்டுளை கொண்ட ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுத்ததைப் பதிவு செய்துள்ளார். புரைக்கு ஊசியிடும் முன் அக்கால மருத்துவர்கள் ஒரு சோதனை செய்வர். ஒரு கண்ணை மூடி, மற்றதன் கண்மணி விரிகிறதா என்று பார்ப்பர். விரியாவிட்டால் கோளாறு புரைக்குப் பின்னால் இருக்கிறது, ஊசியிட்டும் பயனில்லை என்று முடிவு செய்வர். கோளாறு பின்னால் இருக்கக்கூடும் என்பதை அறிந்திருந்தனர். ஆனால் உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் எட்டிப்பார்க்க அவர்களிடம் வழி இல்லை. கண்மணியின் வழியே தெரிந்தது கருமை மட்டுமே.

கருமைக்குள் விளக்கு

அக்கருமையை விலக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1850இன் இறுதியில் அவர் உருவாக்கிய கண்ணகநோக்கி, உயிருள்ள கண்ணின் விழித்திரையை மருத்துவருக்குக் காட்டியது. ஹிரோஃபிலஸ் பெயரிட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகே மனிதன் அவ்வலையை உயிரோடு கண்டான். 1853இல் கோக்சியஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் விழித்திரையில் கிழிசல் இருப்பதை விவரித்தார். விலகிய விழித்திரை நீரில் மிதக்கும் துணிபோல் அலைவதையும் அக்காலத்தவர் கண்டனர்.

கண்டும் காரணம் விளங்கவில்லை. திரைக்குப் பின்னால் தேங்கிய நீரே நோய் என்று பெரும்பாலோர் கருதினர். அந்நீரை வற்றவைக்க நோயாளியை மாதக் கணக்கில் படுக்கையில் கிடத்தினர். இரு கண்களையும் கட்டினர். மருந்து கொடுத்து வியர்க்கச் செய்தனர். ஊசியால் நீரை வடித்தனர். வடித்த நீர் மீண்டும் ஊறியது. 1912இல் அமெரிக்கக் கண் மருத்துவர்களிடையே எடுத்த கணக்கில், குணமானவர் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவரே.

சுவிட்சர்லாந்தின் லாசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனின் (1870-1935) நீரை விட்டுத் துளையைத் தேடினார். கிழிசல் விலகலின் விளைவன்று, அதுவே காரணம் என்பது அவருடைய வாதம். நீர் அத்துளையின் வழியே பின்னால் புகுகிறது. துளையை அடைத்தால் நீர் தானே வற்றும். கண்ணுக்குள் துளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அளந்து, வெளிச்சுவரில் அதே இடத்தில் சூட்டுக்கோலால் சுட்டு, வடுவினால் திரையை ஒட்டவைத்தார். முதலாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அவர் தொடங்கிய இம்முறையைச் சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகக் கண் மருத்துவ மாநாட்டில் அவர் வாதம் வென்றது. குணமாகாது என்று கைவிடப்பட்ட ஒரு நோய் ஒரு தலைமுறைக்குள் குணமாகும் நோயாயிற்று.

துளை எவ்வாறு விழுகிறது?

விழிக்கோளத்தின் உட்பகுதியை நிரப்பியிருப்பது ஒருவகைக் கூழ். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. எஞ்சியது மெல்லிய நார்கள். இளமையில் இக்கூழ் விழித்திரையோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கும். வயது ஏற ஏற நீர்த்துச் சுருங்கி, பெரும்பாலோருக்கு ஐம்பது வயதைக் கடந்தபின் திரையிலிருந்து கழன்றுவிடும். இது நரைபோல் இயல்பான மாற்றம். ஆனால் எங்கேனும் கூழ் திரையோடு இறுகப் பற்றியிருந்தால், கழலும்போது திரையையும் இழுத்துக் கிழித்துவிடும். அக்கிழிசல் வழியே நீர்த்த கூழ் பின்னால் புகுந்து திரையைப் பெயர்க்கும்.

இதன் அறிகுறிகள் தெளிவானவை. கண்முன் கொசு பறப்பதுபோலும் நூல் மிதப்பதுபோலும் திடீரெனப் பல புள்ளிகள் தோன்றும். இருளில் பக்கவாட்டில் மின்னல் வெட்டும். பின்னர் ஓர் ஓரத்திலிருந்து கரிய திரைச்சீலை இறங்குவதுபோல் நிழல் பரவும். புள்ளிகளும் மின்னலும் திடீரெனத் தோன்றி, கூழ் கழன்றது உறுதியானவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குக் கிழிசல் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. அந்நிலையில் கண்டுகொண்டால் சில நிமிட லேசர் சிகிச்சையே கிழிசலைச் சுற்றி அணைகட்டிவிடும். விலகல் நடுப்பார்வைக்குரிய மையப்பகுதியை எட்டிவிட்டால், அறுவை சிகிச்சையால் திரையை ஒட்டவைத்த பின்னும் எழுத்தைப் படிக்கும் கூர்மை முழுமையாக மீள்வது அரிது.

எத்தனை பேருக்கு?

இது அரிய நோய் என்பது உண்மை. ஸ்காட்லாந்து முழுவதிலும் 2007 முதல் 2009 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 12 பேர். நெதர்லாந்தில் 2009இல் லட்சத்துக்கு 18 பேர். 2016இல் 26 பேர். நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

ஆனால் இவ்வெண்ணை ஓராண்டுக் கணக்காக மட்டும் படிப்பவர் ஏமாறுவார். லட்சத்துக்கு 12 என்பதை எழுபது ஆண்டு வாழ்நாளுக்குப் பெருக்கினால் 840 ஆகிறது. அதாவது நூற்றுக்கு ஒருவரை நெருங்குகிறது. ஓர் ஊர் ஜமாஅத்தில் ஆயிரம் பேர் இருப்பின், அவர்களில் சிலர் தம் வாழ்நாளில் என்றேனும் இதைச் சந்திப்பர் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. அவர்கள் யாராக இருக்கக்கூடும் என்பதே அடுத்த கேள்வி.

யாருக்கு?

முதலாவது வயது. அறுபதை ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்நோய் மிகுதி. பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது.

இரண்டாவது கிட்டப்பார்வை. கிட்டப்பார்வையுள்ள கண் சற்றே நீண்டது. அதன் திரை இழுபட்டு மெலிந்தது. 1993இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கண்ணாடியின் அளவு மைனஸ் 1 முதல் 3 வரை உள்ளவர்க்கு அபாயம் நான்கு மடங்கு என்றும், 3ஐக் கடந்தவர்க்குப் பத்து மடங்கு என்றும் கண்டது. காயமின்றி நேரும் விலகல்களில் பாதிக்கு மேல் கிட்டப்பார்வையைச் சார்ந்தவை என்பதும் அதன் முடிவு. இளவயதில் இந்நோய்க்கு ஆளாவோரில் பலர் இவர்களே. கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவரும் இக்கணக்கிலிருந்து விடுபடுவதில்லை; கருவிழியின் வளைவு மாறுகிறதேயன்றிக் கண்ணின் நீளம் குறைவதில்லை.

மூன்றாவது, கண்புரை அறுவை செய்துகொண்டவர். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. ஆயினும் செய்துகொள்ளாதவரைவிட அபாயம் சில மடங்கு கூடுகிறது, அது பல ஆண்டுகள் நீடிக்கிறது. அம்மார் ஊசியால் செய்த புரைச் சிகிச்சை இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் அறுவைகளில் ஒன்றாகிவிட்டதால், இச்சிறு அபாயமும் எண்ணிக்கையில் பெரிதாகிறது.

நான்காவது, ஒரு கண்ணில் விலகல் கண்டவர். மறு கண்ணுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஐந்தாவது, பந்தோ கழியோ கைமுட்டியோ கண்ணில் பட்டவர். ஆறாவது, பெற்றோர் அல்லது உடன்பிறந்தாரில் ஒருவருக்கு இந்நோய் வந்தவர். இவற்றோடு, முற்றிய நீரிழிவால் விழித்திரையில் புதுநாளங்களும் வடுக்களும் தோன்றி அவை திரையை இழுத்துப் பிரிப்பதும் உண்டு. அது வழியால் வேறுபட்டது, முடிவால் ஒன்றே. இந்தியாவில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறுவதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

கிட்டப்பார்வை பற்றி இன்னொரு சொல். 2050ஆம் ஆண்டளவில் உலக மக்களில் பாதிப்பேர் கிட்டப்பார்வை உடையோராய் இருப்பர் என்று 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கணித்தது. நெடுநேரம் அருகே வைத்துப் படிப்பதும் வெளியொளியில் திரியாமையும் இதற்குத் துணைபோகின்றன. வெளியில் விளையாடும் நேரத்தைக் கூட்டினால் குழந்தைகளிடையே புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறது என்பதைச் சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்த சோதனை (2015) காட்டியது. பள்ளிக்கூடங்களும் ஹிஃப்ழ் மதரஸாக்களும் நடத்துவோர் பிள்ளைகளுக்குப் பகலொளியில் ஓடியாட நேரம் ஒதுக்குவது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிந்திய ஒரு நோயையும் தடுக்கும் செயலாகும்.

லாசானிலிருந்து சென்னைக்கு

கோனினுக்குப் பின் இத்துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் பெல்ஜியத்தில் பிறந்த சார்ல்ஸ் ஷெப்பன்ஸ் (1912-2006). இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளால் தேடப்பட்டு, பைரனீஸ் மலையடிவாரத்தில் மரம் அறுக்கும் ஆலை நடத்துபவர்போல் மாற்றுப்பெயரில் வாழ்ந்து, பலரை ஸ்பெயினுக்குத் தப்புவித்தவர் அவர். தலையில் அணிந்து இரு கண்ணாலும் விழித்திரையின் விளிம்புவரை காணும் கருவியை ஆக்கி, பின் பாஸ்டனில் குடியேறி, வெளிச்சுவரைச் சுற்றிப் பட்டையிட்டு அழுத்தும் முறையை 1950களில் வளர்த்தார். சென்னையில் 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவிய எஸ்.எஸ். பத்ரிநாத் (மறைவு 2023) அவரிடம் பயின்றவர். 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மாகெமர், கூழையே வெட்டி அகற்றும் முறையைக் கொணர்ந்தார். 1912இல் ஆயிரத்துக்கு ஒருவர் குணமடைந்த நோயில் இன்று பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே திரை ஒட்டிவிடுகிறது.

ஒரு பழைய மஸ்அலா

இவ்வறுவையில் கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை நிரப்புவது உண்டு. குமிழ் மேலெழுந்து துளையை அழுத்தும்படி, நோயாளி சில நாட்கள் கவிழ்ந்தோ ஒருக்களித்தோ இருக்க நேரிடும். வாயு முற்றும் கரையும்வரை, அது சில வாரங்களாயினும், வானூர்தியில் ஏறலாகாது. உயரத்தில் குமிழ் விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும். வளைகுடா நாடுகளுக்குத் திரும்புவோரும் உம்ராவுக்குப் புறப்படுவோரும் இதை நினைவிற் கொள்க.

ருகூஉவும் சுஜூதும் செய்ய முடியாதே என்று அஞ்சி அறுவையைத் தள்ளிப்போட எண்ணுவோரும் இருக்கலாம். இது புதிய சிக்கலன்று. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹி. 620 / கி.பி. 1223) தமது 'அல்முக்னீ'யில் இதையே ஆராய்கிறார்: மல்லாந்து படுத்துத் தொழுதால் உன் கண்ணுக்குச் சிகிச்சை செய்ய முடியும் என்று நம்பகமான மருத்துவர் கூறினால் அவ்வாறு தொழலாமா? கூடாது என்றோர் இமாம் மாலிக்கும் அவ்ஸாயீயும். பார்வை இழந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு ஒருவர் ஏழு நாள் படுத்தே தொழும் நிபந்தனையோடு சிகிச்சை அளிக்க முன்வந்தபோது, அவர்கள் தோழர்களைக் கலந்து அதைக் கைவிட்டார்கள் என்ற செய்தி இவர்களின் ஆதாரம். கூடும் என்றோர் ஜாபிர் இப்னு ஸைத், ஸுஃப்யானுத் தவ்ரீ, இமாம் அபூஹனீஃபா ஆகியோர். இப்னு குதாமாவின் சார்பும் இதன் பக்கமே. நபி (ஸல்) அவர்கள் விலாவில் காயமுற்றபோது அமர்ந்து தொழுதார்கள். கண்நோயுற்ற உம்முஸலமா (ரலி) அவர்கள் தலையணைமீது சுஜூது செய்தார்கள் என்ற செய்தியும் உண்டு.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காலத்தில் அச்சிகிச்சையின் பயன் உறுதியற்றது. இன்று அதன் பயன் எண்ணிக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவரவர் தம் மத்ஹபின் ஆலிமைக் கேட்டுத் தெளிவது முறை. ஆனால் கேட்பதற்கு நாள் கடத்தலாகாது. கேள்வியை அன்றே கேட்க வேண்டும், கண்ணையும் அன்றே காட்ட வேண்டும்.

வலை என்று பெயரிட்டவர் அதன் பணியை அறியவில்லை. ஒளியின் வழியைக் கண்டவர் அது சென்று சேரும் இடத்தை அறியவில்லை. நீரைக் கண்டவர் துளையைக் காணவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு எட்டியதை எழுதிவைத்துச் சென்றதால், இன்று ஒரு சாதாரண மனிதன் தன் வீட்டிலிருந்தே தன் கண்ணின் அபாயத்தை அறிய முடிகிறது. கண்ணாடியின் அளவு மைனஸ் மூன்றைக் கடந்தவரும், புரை அறுவை செய்துகொண்டவரும், குடும்பத்தில் இந்நோய் கண்டவரும் கண்மணியை விரித்து விழித்திரையின் விளிம்புவரை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும். திடீரெனப் புள்ளிகளோ மின்னலோ நிழலோ தோன்றினால், வலியில்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லட்டும்.